ரெண்டு சீட்டு வண்டி

23 பிப்ரவரி 2025, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வண்டியின் வலது பக்கத்தில் ஆணியால் ஒரு நீளக் கோடு. முன் சக்கரத்தில் தொடங்கிப் பின் சக்கரம் வரை நிதானமாக இழுத்திருக்கிறார்கள். செய்தவன் கையில் கிடைத்திருந்தால் அந்த ஆணியை அவன் உள்ளங்கையிலேயே இறக்கியிருப்பேன். சர்ச் வாசலில் நின்றுகொண்டு இப்படி நினைத்தேன். நினைத்ததை இங்கே எழுதவும் செய்கிறேன்.

அம்மா கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "மூணாவது ஆளு குந்த முடியாத வண்டிக்கே இவ்ளோ வயித்தெரிச்சலா" என்றாள்.

வாங்கிய நாளிலிருந்து அவளுக்கு அதே குறை. இரண்டே சீட்டு. பின்னால் சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் இன்ஜின். துணிக் கூரை, மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். உடம்பு முழுக்க ஃபைபர், மஞ்சள் பெயிண்ட். இருபது வருஷத்துக்கு முன்னால் நம் நாட்டிலேயே ஒரு சின்ன கம்பெனி கொஞ்சம் செய்து பார்த்து, போணியாகாமல் மூடிவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு கொட்டகையில் தூசியோடு கிடந்ததை நானே போய் ஓட்டிக்கொண்டு வந்தேன். ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருப்பவளுக்குக் கட்டுப்படியாகிற ஸ்போர்ட்ஸ் கார் அது ஒன்றுதான்.

எங்கள் மேனேஜரின் பெரிய வண்டியில் ஒருமுறை போயிருக்கிறேன். நூறில் போனாலும் தூக்கம் வருகிறது. என் வண்டியில் அறுபது போதும். தரை தொடைக்குக் கீழே ஓடும், காது அடைக்கும், பல் தானாகக் கடித்துக்கொள்ளும். நிஜமான வேகம் வேண்டுமென்றால் கோடி வேண்டும். வேகமாகப் போகிற மாதிரி இருந்தால் போதும் என்பவர்களுக்கு இந்த வண்டி. நாள் முழுக்க ஷூவில் தையல் தப்பு பார்த்துவிட்டு ஆம்பூரிலிருந்து வீடு திரும்புகிற எனக்கு அது தேவைப்படுகிறது. யாருக்கும் விளக்கம் சொல்ல மாட்டேன்.

2 மார்ச், ஞாயிறு

தௌசீப் பாய் ஷெட்டில் கோட்டை மறைத்தாயிற்று. இன்று அவருக்கு நோன்பு முதல் நாள். எச்சில்கூட விழுங்காமல் வேலை செய்தார், பேச்சு மட்டும் குறையவில்லை.

"மேடம், உள்ள இருக்கறது எல்லார் வூட்லயும் இருக்கற சின்ன கார் இன்ஜின். பார்ட்ஸுக்கு பேஜாரே இல்ல. வெளிய மட்டும்தான் ஷோக்கு. இத எவனும் காசு குடுத்து வாங்க மாட்டான். ஆனா எல்லாருக்கும் ஒரு நாளு வேணும்."

"எந்த நாளு?"

"மாப்ள ஊர்வலத்தன்னிக்கி."

எனக்குச் சுருக்கென்றது. நூற்று நாற்பது போகிற வண்டியை பேண்டு செட்டுக்குப் பின்னால் நடை வேகத்தில் உருட்டுவதா? ஆனால் மனுஷன் சொன்னது சரி. வண்டி செய்த கம்பெனி அன்றைக்கு யாருக்கு விற்பது என்று தெரியாமல்தான் செத்தது. குடும்பஸ்தனுக்கு சீட்டு போதாது. பணக்காரனுக்குப் பெயர் போதாது. கல்யாண மாப்பிள்ளைக்கு மட்டும் எல்லாமே போதும்.

27 ஏப்ரல், ஞாயிறு

அவர்கள் நோன்பும் எங்கள் தவசு காலமும் முடிந்ததும், கல்யாணத்துக்கு வண்டி கேட்டு வரும் போன் நிற்கவில்லை. வாணியம்பாடியில் ஒரு நிக்காஹ். பாகாயத்தில் ஒரு டாக்டர் ஜோடி, போட்டோவுக்கு மட்டும். வண்டியை யாரிடமும் கொடுப்பதில்லை, நானே ஓட்டுகிறேன். மாப்பிள்ளை சீட்டில் உட்கார்ந்தால் கூட்டத்துக்குத் தெரிவதில்லை, வண்டி அவ்வளவு தாழ்வு. அதனால் மடக்கிய கூரை மேல் ஏறி, சீட்டில் கால் வைத்து உட்காருகிறார்கள். எல்லோருக்கும் மேலே. உட்கார்ந்ததும் மூஞ்சியே மாறிவிடுகிறது.

நடை வேகத்தில் உருட்டியே கிளட்ச் கருகுகிறது. நானும்தான்.

4 மே, ஞாயிறு

இன்றைக்கு ஊர்த்தெரு கல்யாணம். கோதண்டபாணி வீடு. எங்கள் காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகிற ஒரே தார் ரோடு அவர்கள் தெரு வழியாகத்தான் போகிறது. அந்தத் தெருவில் முப்பத்து நாலு வருஷமாக நான் நடந்து போயிருக்கிறேன், ஓட்டிப் போயிருக்கிறேன். உள்ளே கூப்பிட்டது இன்றைக்குத்தான், அதுவும் டிரைவராக.

மாப்பிள்ளை கோவிந்தராஜ், அவர் மகன். கூரை மேல் ஏறி உட்கார்ந்தான். தெரு நடுவில் அவர்களே சிமெண்டில் கட்டின வேகத்தடை ஒன்று இருக்கிறது, அணைக்கட்டு உயரம். நான் தனியாகப் போனால் கோணலாக ஏற்றி இறக்கிவிடுவேன். இரண்டு பேர் இருந்தால் அடி தட்டும், ஒருவர் இறங்கியே ஆக வேண்டும். மாப்பிள்ளை தரையில் கால் வைக்கக் கூடாதாம். உடனே அவன் சிநேகிதர்கள் பத்துப் பேர் சுற்றி வந்து, ஒன்று, ரெண்டு, மூணு என்று எண்ணி வண்டியை அப்படியே தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். என்னையும் மாப்பிள்ளையையும் சேர்த்து. ஒரே சிரிப்பு.

"இன்னா டிரைவரம்மா, காரா இது, முறமா?" என்றான் கோவிந்தராஜ் மேலேயிருந்து.

நானும் சிரித்தேன். சாப்பாடு மட்டும் பார்சலாக வண்டிக்கே வந்தது. பந்தியில் இடம் இருந்தது, நான் பார்த்தேன். மெயின் ரோட்டுக்கு வந்ததும் பார்சலைத் தூக்கிப் பாலாற்றில் எறிந்தேன்.

18 மே, ஞாயிறு

தம்பி இன்பராஜுக்கு இருபத்தெட்டாம் தேதி கல்யாணம். பெண் ஜீவா, திருப்பத்தூர்ப் பக்கம், நர்ஸ். இவன் எங்கள் கம்பெனியிலேயே தோல் வெட்டும் கட்டிங்கில் இருக்கிறான். தோலில் ஒரு தழும்பு இருந்தாலும் கத்தி அதைச் சுற்றிப் போகும், அப்படி ஒரு வலது கை. ஜீவாவைப் பார்த்தால் மட்டும் அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழிக்கிறான்.

காலனியிலிருந்து சர்ச்சுக்கு என் வண்டியில்தான் ஊர்வலம் என்று சொல்லிவிட்டேன். அம்மா அழுதாள். "ஏரிக்கரை மேல சுத்திப் போலாம்டி சௌந்தரி."

ஏரிக்கரை மண் ரோடு. என் வண்டி பத்தடி போகாது. அதில் போக வேண்டுமென்றால் வேறு வண்டி வைக்க வேண்டும். வைக்க மாட்டேன். அதே வண்டி, அதே தெரு, அதே டிரைவர். கோவிந்தராஜ் உட்கார்ந்த இடத்தில் இன்பராஜ் உட்கார்ந்தால் என்ன கெட்டுவிடும்? இன்ஸ்பெக்டரிடம் மனு கொடுத்தேன். "சுத்திப் போனா பிரச்சன இல்லியேம்மா" என்றார். அவருக்கும் ஏரிக்கரைதான்.

இன்பராஜைக் கேட்டேன். "நீ ஓட்டு அக்கா. நா உக்கார்றேன்" என்றான்.

26 மே, திங்கள்

வண்டியைக் கழுவினேன். எவனாவது தொட்டால் வெட்டுவேன்.

30 மே, வெள்ளி. வேலூர், ஆஸ்பத்திரி வராண்டா

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன், நர்ஸையாவது.

புதன் காலை ஒன்பது மணி. பேண்டு முன்னால். இன்பராஜ் மேலே, கோட்டு சூட்டில். தெருவில் ஆண்கள் நிற்கிறார்கள். போலீஸ் இரண்டு பேர் தெருமுனையில் டீ குடித்துக்கொண்டு. வேகத்தடை வந்தது. நிறுத்தினேன். இன்பராஜை இறங்கச் சொல்லத் திரும்பினேன். அதற்குள் கோவிந்தராஜ் வந்தான். பின்னாலேயே அந்தப் பத்துப் பேர்.

"தூக்கி வுடலாமா டிரைவரம்மா?"

நான் தலையாட்டினேன். ஐயோ, நான் தலையாட்டினேன். தேங்க்ஸ் என்றுகூடச் சொன்னேன். அன்றைக்குத் தூக்கினார்களே, இன்றைக்கும் தூக்குகிறார்கள் என்று — மனசுக்குள் ஒரு நிமிஷம் சந்தோஷம்கூட வந்தது. எவ்வளவு முட்டாள் நான். என் வண்டி எவ்வளவு கனம் என்று இந்த ஜில்லாவிலேயே அவன்களுக்குத்தானே தெரியும்.

ஒன்று, ரெண்டு, மூணு. தூக்கினார்கள். வைக்கவில்லை. அப்படியே கவிழ்த்துச் சாக்கடையில் போட்டார்கள்.

நான் ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டிக்கொண்டேன். இன்பராஜ் தெறித்து விழுந்து, கண்ணாடிச் சட்டத்துக்கு அடியில் அவன் வலது கை. கை அடியில் இருக்கும்போதே வண்டி மேல் ஏறி நின்றார்கள். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது, பேண்டு அப்போதும் வாசித்துக்கொண்டிருந்தது. பிறகு கம்பி. முன் பக்கத்தை அடி அடியென்று அடித்தார்கள், இன்ஜின் அங்கே இருக்கிறதென்று. அங்கே இருந்தது ஸ்டெப்னி டயர். ஃபைபர் பொடிப்பொடியாகச் சிதறியது.

வெளியே ஊர்ந்து வந்து ஒருவன் காதைக் கடித்தேன். வாயில் ரத்தம் வந்தது, துப்பவில்லை. செருப்பைக் கழற்றிக் கோதண்டபாணியின் வாயிலேயே அடித்தேன், ரெண்டு தடவை. என் மண்டையில் ஏழு தையல். அது ஒன்றுமில்லை. தம்பி கையைப் பார்த்த டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை.

9 ஜூன், திங்கள்

வழக்குப் போட்டிருக்கிறார்கள். எங்கள் மேலும். கூட்டத்துக்குள் வண்டியை விட்டேனாம், நான்தான் முதல் குற்றவாளி.

வன்கொடுமைச் சட்டத்தில் போடச் சொல்லிக் கேட்டேன். "நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. அந்த செக்‌ஷன் உங்களுக்கு வராது" என்றார் இன்ஸ்பெக்டர். சாக்கடையில் தூக்கிப் போட்டபோது எவனும் எந்தச் சர்ச் என்று கேட்கவில்லை. மேஜை மேலிருந்த கண்ணாடிப் பேப்பர் வெயிட்டை நான் பார்த்த பார்வையில், அவர் அதை எடுத்து டிராயரில் வைத்துவிட்டார்.

இருந்தாலும் கை வழக்கு பலமானது என்கிறார் வக்கீல். கொடுங்காயம், கூட்டுச் சதி, பேண்டுக்காரன் எடுத்த வீடியோ. கோவிந்தராஜ் முகம் தெளிவாக இருக்கிறதாம். ஜாமீனில் வந்துவிட்டான், ஆனால் தண்டனை நிச்சயம் என்கிறார்.

22 ஜூன், ஞாயிறு

இன்பராஜுக்கும் ஜீவாவுக்கும் கல்யாணம் நடந்தது. மாவுக்கட்டோடு. மோதிரம் மாட்ட விரல் மடங்கவில்லை, ஜீவாவே கையைப் பிடித்து மாட்டிக்கொண்டாள். சர்ச்சுக்கு ஷேர் ஆட்டோவில் போனோம், ஏரிக்கரை வழியாக.

6 ஜூலை, ஞாயிறு

போலீஸ் பிடித்து வைத்திருந்த வண்டியைக் கோர்ட்டு விடுவித்தது. தௌசீப் பாய் சாக்கடை நாற்றத்தைக் கழுவி, உடைந்த முன்பக்கத்துக்குத் தகரம் அடித்து, மஞ்சள் பெயிண்ட் பூசி, சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.

"பாத்திங்களா, இன்ஜின் மேல ஒரு அடிகூட வுழல. முட்டாப் பசங்க."

மூன்று விரலில் உணர்ச்சி வராது என்று தம்பிக்கு நேற்றுதான் சொன்னார்கள். கம்பெனி அவனை பேக்கிங்குக்கு மாற்றியிருக்கிறது. இடது கையால் டப்பா மூடுகிறான். நான் வண்டிக்குள் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தேன். "போதும் மேடம்" என்று பாய் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

17 ஜூலை, வியாழன்

கோவிந்தராஜ் காலை ஷிப்டுக்கு ஆறு மணிக்குப் பாலாற்று ரோட்டில் பைக்கில் போகிறான். தனியாக.

24 ஜூலை, வியாழன்

செய்துவிட்டேன்.

ரோட்டில் யாரும் இல்லை. கூரையை மடக்கிவிட்டுத்தான் போனேன், நான் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். ஹாரன் அடித்தேன். திரும்பிப் பார்த்தான், பார்த்ததும் முறுக்கினான். என் வண்டியிடம் அந்தப் பைக் எவ்வளவு தூரம் ஓடும்? தாழ்வான மூக்கு பின் சக்கரத்துக்கு அடியில் போய் அப்படியே வாரியது. அவன் வேலியைத் தாண்டிப் போய் விழுந்தான். ஒரு கால் முட்டிக்குக் கீழே வேறு பக்கம் பார்த்தது, எலும்பு வெளியே.

வீல் ஸ்பேனரோடு இறங்கினேன். அவன் வலது கையைத் தேடினேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. கையை மடக்கி வயிற்றுக்கு அடியில் வைத்து அதன் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். தோளில் அடித்தேன். எடுடா கையை என்றேன். இன்னொன்று அடித்தேன். எடுக்கவில்லை. மண்ணில் முகத்தை வைத்து முனகிக்கொண்டு கிடந்தான். காலிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தது.

அடிப்பதை நிறுத்தினேன். செத்துவிடுவான் என்று தெரிந்தது. போன் பண்ணினால் ஆம்புலன்ஸ் வர அரை மணியாவது ஆகும். அங்கே இருந்தது என் வண்டியும் அதில் காலியாக ஒரு சீட்டும்தான். துப்பட்டாவால் தொடையை இறுக்கிக் கட்டி, அக்குளில் கை கொடுத்து இழுத்துப் போட்டேன். இரக்கம் என்று யாராவது சொன்னால் அவர்களையும் அடிப்பேன். என்னால் ஒருவன் செத்தான் என்று அம்மா காதில் விழக் கூடாது, அவ்வளவுதான்.

ஹைவேயில் ஏறி மிதித்தேன். நூறு, நூற்றிருபது, நூற்று நாற்பது. இந்த வண்டி வாங்கி இத்தனை மாதத்தில் அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதை முதல்முறையாகச் செய்தது. லாரிகள் நின்றுவிட்ட மாதிரி இருந்தன. எனக்கு சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் ஒருவன் ரத்தம் சொட்டிக்கொண்டிருக்கும்போது சந்தோஷமாக இருந்தது. நான் என்ன ஜென்மம்?

பள்ளிகொண்டா தாண்டும்போது, "அன்னிக்கி கவுக்கறதுன்னுதான் பேச்சு" என்றான். "கை போவும்னு நெனக்கல."

"பேசாத. பேசினா இங்கியே எறக்கி வுட்டுடுவேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "வேகமா போங்க" என்றான். முதல் தடவையாக, போங்க.

25 ஜூலை, வெள்ளி

பிழைத்துவிட்டான். கால் இருக்கிறது. தானே விழுந்ததாக ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருக்கிறானாம். காலனிக்காரப் பெண் அடித்தாள் என்று சொல்ல வெட்கமோ? வேறு எதுவோ? எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அடித்தது நான்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

கோதண்டபாணி எங்கள் வாசலுக்கு வந்தார். வாழ்க்கையில் முதல் தடவை. உள்ளே வரவில்லை. உதட்டில் என் செருப்புத் தழும்பு இன்னும் இருந்தது.

"உன் பொண்ணு பண்ணது எங்களுக்குத் தெரியும்மா" என்றார் அம்மாவிடம். "எம் புள்ள சொல்லல. பைக்ல மஞ்ச பெயிண்டு ஒட்டிக்கினு இருக்குது, ரோட்டுக் கேமராவுல வண்டி இருக்குது. எழுதிக் குடுத்தா கொல முயற்சி. குடுக்கல. அந்தக் கை கேஸ நீங்க வாபஸ் வாங்கிக்கங்க, இத நாங்க மறந்துடறோம். உங்களுக்கு ஒரு கை, எங்களுக்கு ஒரு காலு. சரியாப் போச்சு."

அவர் போனார். இன்பராஜ் எழுந்து பேனாவைத் தேடினான். இடது கையில் பிடித்துக்கொண்டு, "எங்க கையெழுத்து போடணும்னு கேட்டுட்டு வா" என்று ஜீவாவிடம் சொன்னான்.

"டேய், உனக்காகத்தாண்டா—"

"எனக்காகன்னு சொல்லாத அக்கா. எனக்கு என் கை வேணும். அவன் காலு எனக்கு எதுக்கு? இருந்தது ஒரு கேஸு. அதயும் நீ குடுத்துட்ட." கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "நீ ஜெயிலுக்குப் போறத என்னால பாக்க முடியாது. அதான் போடறேன்."

ஜீவா அவன் கையிலிருந்து பேனாவை வாங்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அண்ணி" என்றாள். 

படுத்து யோசித்தேன். அவர்கள் விற்க வைத்திருப்பது என் குற்றம் ஒன்றைத்தான். அதை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் அவர்களிடம் விற்க என்ன இருக்கும்?

4 ஆகஸ்ட், திங்கள்

அம்மா எழுவதற்கு முன் கிளம்புகிறேன். வண்டியிலேயே போகிறேன், சாட்சிக்கு வேண்டும்.

19 செப்டம்பர், வெள்ளி

போன வாரம் ஜாமீனில் வந்தேன். ஆகஸ்டில் சரணடையப் போன அன்றைக்கு இன்ஸ்பெக்டர் நான் சொன்னதை எழுதவே மாட்டேன் என்றார். "ரெண்டு பக்கமும் ராசியாப் போற நேரத்துல எதுக்கும்மா நீயே வந்து மாட்டிக்கற?" எழுதினால்தான் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பேன் என்று உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் எழுதினார். பிறகு பெண்கள் சிறை. அங்கே இரண்டு சண்டை போட்டேன், ஒன்றில் தோற்றேன். கம்பெனியில் வேலை போய்விட்டது. லைசென்ஸும். என் வழக்கில் தண்டனை வரும் என்று வக்கீல் சொல்கிறார், வரட்டும்.

இன்று திருப்பத்தூர் கோர்ட்டில் தம்பியின் கை வழக்கு விசாரணைக்கு வந்தது. வாபஸ் இல்லை. குற்றவாளிக் கூண்டில் கோவிந்தராஜும் வந்து நிற்க வேண்டும், ஊன்றுகோலோடு.

கோர்ட்டு மறுபடி விடுவித்த வண்டியைக் காலையில் ஜீவா எடுத்தாள். அவளை ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொன்னது நான்தான், தௌசீப் பாய் பழக்கிவிட்டிருக்கிறார். கிளட்ச் விடுவதைப் பார்த்துத் திட்ட வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். இன்பராஜ் இடது சீட்டில் உட்கார்ந்தான். அந்தச் சின்ன வண்டியில் அவன் வலது கை கியருக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது, அவனுக்குத் தெரிவதில்லை. கியர் போடுவதற்கு முன் ஜீவா அதை எடுத்து அவன் மடியில் வைத்தாள். அடுத்த கியருக்கு மறுபடியும் எடுத்து வைத்தாள். ஊர்த்தெருப் பக்கம் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்தரைக்கு எனக்கு ஸ்டேஷனில் ஜாமீன் கையெழுத்து. பஸ் பிடித்துப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.